பார்ட்னர் யோசித்துவிட்டார், இனி நான் என்ன செய்வது? பிரிட்ஜில் அனுமதியற்ற தகவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் கிளப் போட்டிகளில் டைரக்டராக, அதாவது நடுவராக, நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: பார்ட்னர் தயங்கினார், பார்ட்னர் தப்பாக விளக்கம் சொன்னார், நான் சிஸ்டத்தை (எந்த பிட்டுக்கு என்ன அர்த்தம் என்று பார்ட்னரோடு பேசி வைத்ததை) மறந்துவிட்டேன். மேசையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லும் பதில் யாருக்கும் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதமாகவே எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். உலக பிரிட்ஜ் சம்மேளனம் 2017-ல் வெளியிட்ட டூப்ளிகேட் பிரிட்ஜ் விதிகள்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பிட்டிங் தெரிந்தவர்களுக்காக எழுதியது இது. விதிப்புத்தகத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அனுமதியற்ற தகவல்னா என்ன? சுருக்கமா சொல்லுங்களேன்.

ஏலத்தில் பிட் வழியாகவும், ஆட்டத்தில் போடும் சீட்டு வழியாகவும் மட்டுமே பார்ட்னர் உங்களோடு பேசலாம். வேறு எந்த வழியில் அவர் கையைப் பற்றியோ அவர் நினைப்பைப் பற்றியோ உங்களுக்கு ஏதாவது தெரிந்தாலும் அது அனுமதியற்ற தகவல். ஆங்கிலத்தில் 'அன்ஆதரைஸ்டு இன்ஃபர்மேஷன்', மேசையில் சுருக்கமாக யூ.ஐ. என்பார்கள்.

அவர் சொல்லும் ஒரு வார்த்தை, கேட்கும் கேள்வி, எதிராளிக்குத் தரும் விளக்கம், நீங்கள் எதிர்பார்க்காத அலர்ட் (உங்கள் பிட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு என்று எதிராளிக்குத் தரும் எச்சரிக்கை), எதிர்பார்த்து வராமல் போன அலர்ட், தெளிவாகத் தெரியும் தயக்கம், வழக்கத்துக்கு மாறான வேகம், குரலின் அழுத்தம், சைகை, முகம் போகும் போக்கு எல்லாமே இதில் அடக்கம். வேகத்தையும் கவனியுங்கள். பட்டென்று வைக்கும் பாஸ் கார்டும் இருபது விநாடி யோசித்து வைக்கும் பாஸ் கார்டைப் போலவே பேசும்.

பார்ட்னர் யோசிச்சதே தப்பா? யோசிக்காம எப்படி சார் பிரிட்ஜ் ஆடறது?

தப்பே இல்லை. பிரிட்ஜ் யோசிக்கிற ஆட்டம். ஒரே சீரான வேகத்தில் ஆடுவது நல்லது என்று விதி 73 சொல்கிறது. ஆனால் தன்னையறியாமல் வேகம் மாறுவது குற்றமல்ல என்பதையும் அதே விதி சொல்கிறது. யோசித்தவர்மேல் எந்தப் பழியும் இல்லை.

பொறுப்பு விழுவது எதிரே உட்கார்ந்திருப்பவர்மேல். தயங்கியது பார்ட்னர், கட்டுப்பட வேண்டியது நீங்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்ற பதில்கள் எல்லாம் சுலபம். பிடிபடாததால்தான் பல மேசைகளில் தயங்கியவர் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்க, அவருடைய பார்ட்னர் நிம்மதியாக அடுத்த பிட்டை எடுத்து வைக்கிறார்.

டைரக்டரைக் கூப்பிட்டாலே எங்களைத் திருடன்னு சொல்ற மாதிரி இருக்கே?

இந்த எண்ணம் போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். பார்ட்னரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ரகசிய சைகை காட்டுவது வேறு விஷயம். விதிப்புத்தகம் அதைத்தான் ஆகப் பெரிய குற்றம் என்கிறது. 1975-ல் பெர்முடா பவுல் என்ற உலக அணிப் போட்டியில் முதல்முறையாக மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். அந்தத் திரைக்குக் கீழே காலால் தட்டிச் சேதி சொன்னதாக அதே போட்டியில் புகார் எழுந்தது. 2015-ல் உலகத்தரம் வாய்ந்த சில ஜோடிகள் வீடியோப் பதிவுகளை வைத்துச் சிக்கினார்கள். அதெல்லாம் திட்டமிட்ட ஏமாற்று.

யூ.ஐ. என்பது நேர்மையான மனிதர்களுக்கு ஒவ்வொரு செஷனிலும் நடப்பது. டைரக்டர் ஸ்கோரை மாற்றினால் "நீங்கள் ஏமாற்றினீர்கள்" என்று அதற்கு அர்த்தம் இல்லை. "அந்தத் தகவல் மேசையில் இருந்தபோது இந்த பிட்டை விதி அனுமதிக்காது" என்றுதான் அர்த்தம். டென்னிஸில் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் அடித்தவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லையே.

சரி, யூ.ஐ. வந்துடுச்சு. இப்ப நான் என்னதான் செய்யணும்?

முதலில், பார்ட்னரின் தயக்கமோ விளக்கமோ எந்த பிட்டைச் செய்யச் சொல்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அடுத்தது, அந்தத் தகவல் இல்லாமல் இதே கையோடு இதே ஏலத்தில் இருந்தால் வேறு என்ன பிட்கள் நியாயமாகத் தோன்றும் என்று பாருங்கள். வேறு நியாயமான வழி ஒன்று இருந்தால், யூ.ஐ. காட்டும் வழியை நீங்கள் எடுக்கக் கூடாது. வேறு வழியே இல்லை, உங்கள் தரத்தில் உள்ள எல்லோரும் இதைத்தான் செய்வார்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

எது 'நியாயமான வேறு வழி'? உங்கள் தரத்தில், உங்கள் சிஸ்டத்தோடு ஆடுபவர்களில் கணிசமானோர் தீவிரமாக யோசித்துப் பார்ப்பதும், சிலராவது தேர்ந்தெடுக்கக் கூடியதுமான எதுவும் அப்படிப்பட்ட வழிதான். பெரும்பான்மை அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. பத்துப் பேரில் ஏழு பேர் பிட் செய்து மூன்று பேர் பாஸ் சொல்வார்கள் என்றாலும் பாஸ் ஒரு நியாயமான வழிதான். யூ.ஐ. பிட் செய்யச் சொன்னால் அந்த மூன்று பேரோடுதான் நீங்கள் நிற்க வேண்டும்.

"நான் எப்படியும் 4 ஸ்பேடு சொல்லியிருப்பேன்." இதை ஏன் யாரும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க?

உங்களை நம்பாததால் அல்ல. விதி அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. முந்தைய பதிலைப் பாருங்கள்: உங்களைப் போன்றவர்கள் என்ன யோசிப்பார்கள் என்பதுதான் அங்கே அளவுகோல். ஒருவர் மனதுக்குள் புகுந்து பார்க்க எந்த டைரக்டராலும் முடியாது. பார்ட்னரின் தயக்கம் உங்கள் முடிவை எவ்வளவு சாய்த்தது என்பது உங்களுக்கே தெரியாது.

இதை நான் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆடத் தொடங்கிய காலத்தில் ஒருமுறை பார்ட்னர் நெடுநேரம் யோசித்து 3 ஸ்பேடு சொன்னார், நான் 4 ஸ்பேடு வைத்தேன், பத்து டிரிக் வந்தது. டைரக்டர் அதை 3 ஸ்பேடாக மாற்றினார். நான் சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்கு வந்து அந்தக் கையை மட்டும், ஏலத்தைச் சொல்லி, தயக்கத்தைச் சொல்லாமல், ஆடத் தெரிந்த நான்கு நண்பர்களுக்குப் போனில் வாசித்தேன். இரண்டு பேர் பாஸ் என்றார்கள். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை நான் எந்த டைரக்டரிடமும் சொன்னதில்லை.

பார்ட்னர் மெதுவா பாஸ் பண்ணினா நானும் பாஸ்தானா? அப்ப எங்க வாயைக் கட்டிப் போட்டுட்டாங்களே?

இல்லை. கையைப் பொறுத்தது. வலதுபுறம் 1 ஹார்ட் திறக்கிறார், நீங்கள் பாஸ், இடதுபுறம் 2 ஹார்ட், பார்ட்னர் இருபது விநாடி யோசித்து பாஸ், வலதுபுறமும் பாஸ். உங்களிடம் நான்கு ஸ்பேடு, ஒரே ஒரு ஹார்ட், மற்ற இரண்டிலும் நான்கு நான்கு, பத்து பாயிண்ட். மேட்ச் பாயிண்ட் போட்டியில் இந்தக் கையோடு எதிராளியை 2 ஹார்ட்டில் விட்டுவிடுபவர்கள் அரிது. டபுள் சொல்லுங்கள், யாரும் கை வைக்க முடியாது.

இப்போது அதே ஏலத்தில் மூன்று ஸ்பேடு, மூன்று ஹார்ட், மூன்று டைமண்ட், நான்கு கிளப், அதே பத்து பாயிண்ட். இந்தக் கையோடு பலர் பாஸ் சொல்வார்கள். பார்ட்னரின் தயக்கம் அவரிடம் கொஞ்சம் பாயிண்ட் இருக்கிறது என்று காட்டிவிட்டது. அதனால் டபுள் ஆபத்தில்லாமல் போகிறது. எனவே இங்கே பாஸ். தயக்கத்துக்குப் பிறகு பிட் செய்யவே கூடாது என்று எந்த விதியும் இல்லை. சந்தேகமான கைகளில் சந்தேகத்தின் பலன் எதிராளிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

மெதுவா டபுள் சொன்னா?

எதிராளி 4 ஹார்ட், பார்ட்னர் நீண்ட யோசனைக்குப் பிறகு டபுள். தயங்கி வந்த பெனால்டி டபுள் "எனக்கே நிச்சயமில்லை" என்று சொல்கிறது. ஆகவே அதை எடுத்துவிட்டு 4 ஸ்பேடு போவதைத்தான் யூ.ஐ. காட்டுகிறது. டபுளை விட்டுவைப்பது நியாயமான வழியாக இருந்தால் விட்டுவைக்க வேண்டும். வெடுக்கென்று டபுள் கார்டை அடித்தால் கணக்கு தலைகீழ்.

1 நோ டிரம்ப்புக்கு ரொம்ப யோசிச்சு 2 நோ டிரம்ப் சொன்னார். அப்ப நான் 3-க்குப் போகக் கூடாதா?

இது நல்ல கேள்வி. அவர் எதற்கு யோசித்தார்? கொஞ்சம் குறைந்த கையாக இருந்து 'பாஸா, 2 நோ டிரம்ப்பா' என்று யோசித்திருக்கலாம். கொஞ்சம் கூடுதலான கையாக இருந்து 'நேராக 3 போகலாமா' என்றும் யோசித்திருக்கலாம். தயக்கம் இருக்கிறது, ஆனால் அது எந்தப் பக்கம் கை காட்டுகிறது என்று சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் உங்களுக்குத் தடை இல்லை. உங்கள் கை என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில ஜோடிகள் நெடுநாள் சேர்ந்து ஆடியதால் 'இவர் யோசித்தால் கூடுதல்தான்' என்று ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். அப்படி அறிந்திருந்தால் கட்டுப்பாடு திரும்ப வந்துவிடும். என் கதையில் வந்த 3 ஸ்பேடு அப்படித்தான்.

பிளாக்வுட் கேட்டுட்டு பார்ட்னர் யோசிச்சு 5 ஸ்பேடுல நிறுத்தினார். என் கை அருமையான கை. 6 போகலாமா?

பெரும்பாலும் முடியாது. பிளாக்வுட் என்பது ஏஸ் எத்தனை என்று கேட்கும் 4 நோ டிரம்ப் பிட். அதைக் கேட்டவர் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவர் கேட்டதற்கு நீங்கள் பதில் சொன்னீர்கள், அவர் முடிவெடுத்தார். அந்த முடிவு தயங்கித் தயங்கி வந்தால், 'ஆறு இருக்கலாமோ' என்று அவர் யோசித்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் நீங்கள் 6 ஸ்பேடு போய் அது வந்துவிட்டால், டைரக்டர் அதை 5 ஸ்பேடு என்று மாற்றுவார். உலகெங்கும் அதிகம் அலசப்பட்ட யூ.ஐ. வழக்குகளில் இதுவும் ஒன்று.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கீ கார்டு பிளாக்வுட்டில் (நான்கு ஏஸோடு டிரம்ப் ராஜாவையும் சேர்த்து எண்ணும் வகை) உங்கள் 5 கிளப் பதிலுக்கு '0 அல்லது 3' என்று அர்த்தம் வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது 3. பார்ட்னர் 0 என்று எண்ணி 5 ஸ்பேடில் நிற்கிறார். அப்போது 6 போவது உங்கள் கடமை. அவர் நினைத்ததைவிட மூன்று கீ கார்டு அதிகம் என்று உங்களுக்குச் சொல்வது உங்கள் கையேதான். அவர் எவ்வளவு நேரம் யோசித்திருந்தாலும் கவலையில்லை.

சிஸ்டத்தை மறந்துட்டேன். பார்ட்னர் அலர்ட் பண்ணி விளக்கினதும்தான் ஞாபகம் வந்துச்சு. இப்ப என்ன பண்றது?

இங்கேதான் நேர்மையானவர்களே வழுக்கி விழுகிறார்கள். ஒரு கையை வைத்துப் பார்ப்போம். எதிராளி 1 நோ டிரம்ப் திறக்கிறார். உங்களிடம் ஆறு கிளப், ஒரே ஒரு ஸ்பேடு. 2 கிளப் சொல்கிறீர்கள், கிளப் இருக்கிறது என்று நினைத்து. ஆனால் நீங்கள் இருவரும் லாண்டி ஆடுவதாகப் பேசியிருக்கிறீர்கள், அதில் 2 கிளப் என்றால் இரண்டு மேஜர்களும். பார்ட்னர் அலர்ட் செய்து "ஸ்பேடும் ஹார்ட்டும்" என்று விளக்குகிறார், பிறகு 2 ஸ்பேடு சொல்கிறார். வயிற்றில் புளி கரைகிறது. கை தானாக 3 கிளப் கார்டை நோக்கிப் போகிறது.

நிறுத்துங்கள். அந்த விளக்கம் உங்கள் காதில் விழவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளப் காட்டினீர்கள், பார்ட்னர் 2 ஸ்பேடு சொல்கிறார். அப்படியானால் அவரிடம் சொந்தமாக நல்ல நீளமான ஸ்பேடு இருக்கிறது. அந்த நிலையில் ஒற்றை ஸ்பேடோடு நீங்கள் என்ன செய்வீர்கள்? பாஸ். அதுதான் இப்போதும் பதில். அவரிடம் மூன்றே ஸ்பேடு இருக்கலாம் என்று உங்களுக்குச் சொன்னது ஏலம் அல்ல, அவருடைய வாய். எதிராளி 2 ஸ்பேடை டபுள் செய்தாலும் இதே கணக்குதான். இருவருக்கும் சேர்த்து நான்கே ஸ்பேடில் ஆட்டம் சரிந்து கண்ணெதிரே மோசமான ஸ்கோர் வரும். வரட்டும். மறந்ததற்கான விலையை அந்தக் கையிலேயே கொடுத்துவிடுகிறீர்கள்.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு: பார்ட்னரின் அடுத்த பிட்டை நீங்கள் முதலில் நினைத்த சிஸ்டத்திலேயே மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். அவர் 2 டைமண்ட் சொன்னால் அதை டைமண்ட் என்றே படியுங்கள், 'எந்த மேஜர் நீளம்?' என்ற கேள்வியாகப் படிக்காதீர்கள்.

பார்ட்னர் சொன்னதைக் கேட்டு இல்ல, ஏலத்தைப் பார்த்தே நான் தப்பு பண்ணினது புரிஞ்சுடுச்சுன்னா?

ஏலம் எப்போதும் அனுமதிக்கப்பட்ட தகவல். மேலே சொன்ன கையில், பார்ட்னர் முதலிலேயே பாஸ் சொன்னவர், ஸ்பேடில் வீக் டூகூட திறக்காதவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்கள் கிளப்புக்கு எதிரே திடீரென்று 4 ஸ்பேடுக்குத் தாவுகிறார். நீங்கள் நினைத்த அர்த்தத்தில் அப்படி ஒரு கையே இருக்க முடியாது. அப்போது ஏலமே உங்களை உலுக்கி எழுப்புகிறது, அதைப் பயன்படுத்தலாம்.

ஆனால் விளக்கமும் காதில் விழுந்திருந்தால், 'ஏலம்தான் எழுப்பியது' என்பதை டைரக்டர் உங்கள் வாய்வார்த்தையை மட்டும் வைத்து ஏற்க மாட்டார். விளக்கம் இல்லாமலும் அந்த ஏலம் அசாத்தியமானதுதானா என்று அவர் பார்ப்பார். 2 ஸ்பேடு அசாத்தியமல்ல, வெறுமனே சங்கடமானது. "பார்ட்னர் பேசுவதற்கு முன்பே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது" என்பதும் அப்படித்தான். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நிரூபிக்க வழியில்லை.

பிட்டிங் பாக்ஸ்ல கை தவறி வேற கார்டு வந்துடுச்சு. பார்ட்னர் அலர்ட் பண்ணினப்பதான் கவனிச்சேன். அதுவும் யூ.ஐ.தானே?

இதில் விதி உங்கள் பக்கம். 1 ஸ்பேடு எடுக்கப் போய் ஒட்டிக்கொண்டிருந்த 1 நோ டிரம்ப் கார்டு வந்துவிட்டால், அது விரல் செய்த பிழை. பார்ட்னர் அடுத்த பிட் செய்வதற்குள் டைரக்டரைக் கூப்பிட்டு மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பிழை உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்பது முக்கியமில்லை, பார்ட்னரின் அலர்ட் மூலம் தெரிந்தாலும் சரிதான். விதி 25 இதைத் தெளிவாகவே சொல்கிறது.

லாண்டி கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 2 கிளப் கார்டை எடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்தீர்கள், நினைப்புதான் தப்பு. நினைத்தது ஒன்று, எடுத்தது வேறு என்றால் திருத்தலாம். நினைத்ததே தவறு என்றால், கவனக்குறைவாக நினைத்திருந்தாலும், திருத்த முடியாது. டைரக்டர் வந்து "எந்தக் கார்டை எடுக்க நினைத்தீர்கள்?" என்று கேட்கும்போது நேர்மையான பதிலைச் சொல்லுங்கள்.

பார்ட்னர் எதிராளிக்குத் தப்பான விளக்கம் சொல்றார். உடனே திருத்த வேண்டாமா? மனசு உறுத்துதே?

உறுத்தல் நியாயம், ஆனால் ஏலம் நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. முகத்தில்கூடக் காட்டக் கூடாது. திருத்தினால் பார்ட்னருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள். நீங்கள் டிக்ளேரர் அல்லது டம்மியாக அமைந்தால், கடைசி பாஸுக்குப் பிறகு, முதல் சீட்டு இறங்குவதற்கு முன் டைரக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். எதிராளி கான்ட்ராக்டை எடுத்து நீங்கள் டிஃபென்டர் ஆனால், பதின்மூன்று டிரிக்கும் முடியும்வரை பொறுத்திருந்து பிறகு சொல்ல வேண்டும்.

தப்பான விளக்கம் சொன்னவரே அதை உணர்ந்தால் கதை வேறு. அவர் காத்திருக்கத் தேவையில்லை, உடனே டைரக்டரை வரவழைத்துத் திருத்தலாம். திருத்தம் வந்த பிறகு, தவறான தகவலால் பிட் செய்த எதிராளி, அவருடைய பார்ட்னர் இன்னும் அடுத்த பிட் செய்யாமல் இருந்தால், தன் கடைசி பிட்டை மாற்றிக்கொள்ளவும் டைரக்டர் அனுமதிக்கலாம். அதனால்தான் விளக்கக் குழப்பம் என்றால் தாமதிக்காமல் கூப்பிடச் சொல்கிறேன்.

விளக்கம் சரிதான், என் கைதான் அந்த விளக்கத்துக்குப் பொருந்தல. நான் மறந்ததை எதிராளிக்குச் சொல்லணுமா?

வேண்டாம். எதிராளிக்கு உரிமை இருப்பது உங்கள் இருவருக்கிடையே உள்ள ஒப்பந்தத்தைத் தெரிந்துகொள்ள மட்டுமே. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை. லாண்டி ஆடுவதாக ஒப்பந்தம், பார்ட்னர் லாண்டி என்றே சொன்னார், நீங்கள் மறந்து கிளப்போடு 2 கிளப் சொன்னீர்கள். இது தவறான பிட், தவறான விளக்கம் அல்ல. குற்றமும் அல்ல. எதிராளி குழம்பி நஷ்டப்பட்டாலும் அதற்காக மட்டும் ஸ்கோர் மாறாது. நீங்கள் யூ.ஐ.யைப் பயன்படுத்தினீர்களா என்பது தனிக் கேள்வி, அதற்கு மேலே பதில் இருக்கிறது.

ஆனால் ஒப்பந்தம் அதுதான் என்று காட்ட வேண்டும். ஆதாரம் இல்லாவிட்டால், விளக்கம்தான் தவறு என்று எடுத்துக்கொள்ளும்படி விதி டைரக்டருக்குச் சொல்கிறது. ஆகவே சிஸ்டம் கார்டை ஒழுங்காக நிரப்பி மேசைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு பேர் கார்டிலும் ஒரே விஷயம் எழுதியிருக்கட்டும். அரைகுறையாக நிரப்பிய கார்டால் ஜோடிகள் இழக்கும் பாயிண்ட் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்று. மறதியே வழக்கமாகிவிட்டால், 'இவர் இந்த பிட்டை அடிக்கடி மறப்பார்' என்பது உங்கள் பார்ட்னருக்குத் தெரிந்த தகவலாகிவிடும். அப்போது அதுவே சொல்லப்படாத ஒப்பந்தம், எதிராளிக்கும் தெரிய வேண்டும். கெஸ்தெம் என்ற கன்வென்ஷன் (பிட்களுக்குத் தனி அர்த்தம் தரும் ஒப்பந்தம்) இதற்குப் பேர்போனது, அதிலுள்ள 3 கிளப்பை மறக்காதவர் குறைவு. அதை உருவாக்கிய பிரான்ஸ்காரர் பியேர் கெஸ்தெம் 1956-ல் பெர்முடா பவுல் வென்ற அணியில் இருந்தவர். 1940-களில் டிராஃப்ட்ஸ் ஆட்டத்திலும் உலக சாம்பியன். அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். உங்களுக்கு இருக்காது என்று தோன்றினால் அந்தக் கன்வென்ஷனைக் கார்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எதிராளி தயங்கினதை நான் பயன்படுத்திக்கலாமா?

தாராளமாக, உங்கள் சொந்தப் பொறுப்பில். அவர் ராணியை வைத்துக்கொண்டு யோசிக்கிறார் என்று நீங்கள் கணித்து, கணிப்பு பொய்த்தால், நஷ்டம் உங்களோடு. ஆனால் ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு, ஆட்டக் காரணம் எதுவுமில்லாமல், இரண்டு சீட்டு இருப்பதுபோல அவர் யோசித்து உங்களை ஏமாற வைத்திருந்தால், டைரக்டர் ஸ்கோரைச் சரிசெய்யலாம்.

பிட்டுக்கு அர்த்தம் கேட்கறதுகூட யூ.ஐ.யா? கேட்க உரிமை இருக்கே?

உரிமை இருக்கிறது, கேள்வியும் பேசும். எதிராளியின் 3 டைமண்டைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு பாஸ் சொன்னால், அப்புறம் பார்ட்னர் டைமண்ட் லீட் செய்தால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். உங்கள் பிட் அந்தப் பதிலைப் பொறுத்திருந்தால் தயங்காமல் கேளுங்கள். இல்லாவிட்டால் ஏலம் முடியும்வரை பொறுங்கள். கேட்கும்போது ஒரு பிட்டைக் குத்திக் கேட்காமல் "ஏலத்தை விளக்குங்கள்" என்று முழுதாகக் கேட்பது நல்லது. பார்ட்னருக்குப் புரியட்டும் என்பதற்காக மட்டும் கேட்பது விதிமீறல்.

முதல் சீட்டைக் கவிழ்த்து வைப்பதும் இதற்காகத்தான். லீட் செய்பவர் முதலில் கேட்டு, சீட்டைக் கவிழ்த்து வைத்த பிறகு அவருடைய பார்ட்னர் கேட்கலாம். அப்போது அந்தக் கேள்வியால் லீட் மாற வழியில்லை. பலர் சீட்டை நேராகத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து கவிழ்த்து வையுங்கள்.

எதிராளி யோசிச்சார், அவர் பார்ட்னர் பிட் பண்ணினார். எனக்குச் சந்தேகம். எப்ப கூப்பிடணும்?

தயக்கம் நடந்த உடனே, மென்மையாக, "கொஞ்சம் நேரம் எடுத்ததை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் ஏலம் தொடரட்டும். மறுத்தால் டைரக்டரை வரவழைப்பது நல்லது, பத்து நிமிடம் கழித்து நினைவுகள் மாறிவிடும். யூ.ஐ.யைப் பயன்படுத்தியதாகத் தோன்றினால் ஆட்டம் முடிந்த பிறகு கூப்பிடலாம். குரல் உயர வேண்டிய அவசியமே இல்லை. "டைரக்டர், ப்ளீஸ்" போதும்.

எதிராளி தாவி பிட் செய்து ஸ்டாப் கார்டு வைத்தால் பத்து விநாடி பொறுப்பது உங்கள் கடமை, அது தயக்கமாகாது. அங்கே இரண்டு விநாடியில் பாஸ் வைப்பதுதான் தகவல்.

டைரக்டர் என்ன அடிப்படையில முடிவு பண்றார்? சொந்தக் கருத்தா?

சொந்தக் கருத்தில் முடிவெடுப்பவர் நல்ல டைரக்டர் அல்ல. உங்கள் தரத்தில் உள்ள சிலரிடம் கையையும் ஏலத்தையும் மட்டும் கொடுத்து, தயக்கத்தைச் சொல்லாமல், "என்ன பிட் செய்வீர்கள்? வேறு எதை யோசித்தீர்கள்?" என்று கேட்பார். போனில் நண்பர்களிடம் நான் கேட்டதும் அதேதான். அப்புறம், யூ.ஐ. எந்தப் பக்கம் சாய்த்தது என்று அவர்களிடம் தனியாகக் கேட்பார்.

விதிமீறல் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது ஒரே மாதிரி இருக்காது. அதனால் '60 சதவீதம் 3 ஸ்பேடு ஒன்பது டிரிக், 40 சதவீதம் பத்து டிரிக்' என்று கலந்த ஸ்கோரும் தரலாம். தடை செய்யப்பட்ட பிட்டை அந்தக் கலவையில் சேர்க்க மாட்டார்கள். முடிவில் திருப்தியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். போட்டி அமைப்பு வேறு நேரம் குறிக்காவிட்டால், ஸ்கோர் பார்வைக்கு வந்ததிலிருந்து 30 நிமிடம் அவகாசம்.

நான் விதிப்படி பாஸ் பண்ணினேன். அதிர்ஷ்டத்துல அதுவே டாப் ஆயிடுச்சு. எதிராளி கோபப்படறாங்க, ஸ்கோரை மாத்துவாங்களா?

மாற்ற மாட்டார்கள். யூ.ஐ. 'பிட் செய்' என்றது, நீங்கள் எதிர்வழியில் போனீர்கள், அந்த வழியில் பொற்காசு கிடந்தது. அது உங்களுக்கே. யூ.ஐ. தன்னளவில் ஸ்கோரை மாற்றுவதில்லை. தடை செய்யப்பட்ட வழியை எடுத்து அதனால் எதிராளிக்கு நஷ்டம் வந்தால் மட்டுமே மாறும்.

ஆன்லைன்ல ஆடும்போது இதெல்லாம் கிடையாதுதானே?

பாதி கிடையாது. பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் உங்கள் பிட்டை நீங்களே அலர்ட் செய்து விளக்குகிறீர்கள். அது எதிராளிக்கு மட்டும் தெரியும், பார்ட்னருக்குத் தெரியாது. ஆகவே லாண்டி கையில் வந்த சிக்கல் அங்கே பிறக்கவே பிறக்காது. பார்ட்னர் மறந்தாரா என்று இருவருக்குமே தெரியாமல் இருவரும் இருட்டில் ஆடுவீர்கள், அதுதான் நியாயமும். பெரிய போட்டிகளில் திரை வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வடக்கும் கிழக்கும் ஒரு பக்கம், தெற்கும் மேற்கும் மறுபக்கம். பார்ட்னரின் முகமும் விளக்கமும் உங்களுக்குத் தெரியாது.

மீதிப் பாதி, வேகம். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிட் கார்டுகள் வைத்த தட்டு திரும்பி வரத் தாமதமானால் யோசித்தது பார்ட்னரா, அவர் பக்கத்தில் இருக்கும் எதிராளியா என்று உங்களுக்குத் தெரியாது. ஆன்லைனில் இணையம் திணறியதா, பார்ட்னர் திணறினாரா என்று தெரியாது. நிச்சயமாகத் தெரியாதவரை உங்களுக்குக் கட்டுப்பாடும் குறைவு. ஆனால் ஒவ்வொரு பிட்டும் மூன்று விநாடியில் வந்துகொண்டிருந்து, ஸ்லாம் கேள்விக்குப் பிறகு மட்டும் ஒரு நிமிடம் கணினித் திரை அசையாமல் நின்றால், அது இணையம் அல்ல என்று உங்களுக்குத் தெரியும். அப்போது பிளாக்வுட் பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.